கொடைக்கானலில் இடம் வாங்கணுமா? இடத்துக்கு முன்னால் தரகரைப் பாருங்கள்!

வத்தலக்குண்டைத் தாண்டி, காட் ரோட்டில் வண்டி ஏறத் தொடங்கியதுமே விளம்பரங்களும் கூடவே ஏறுகின்றன. ‘ஏரிக்கு பத்தே நிமிடம்’, ‘பள்ளத்தாக்கு வியூ’, ‘பண்ணை நிலம், சென்ட் கணக்கில்’ என்று மரத்திலும் பாறையிலும் கடைச் சுவரிலும் போன் நம்பர்கள். மேலே போய்விட்டால் பலகைகூடத் தேவையில்லை. டாக்ஸி ஓட்டுபவர், டீக்கடைக்காரர், காட்டேஜ் வாட்ச்மேன், எஸ்டேட் மேஸ்திரி என யாரிடம் கேட்டாலும், “இருக்குண்ணே, எந்தப் பக்கம் பாக்குறீங்க?” என்பதுதான் பதில்.

கீழே இருப்பவர்கள் குளிருக்காக இந்த மலையில் இடம் தேடுவது இன்று நேற்றல்ல. மதுரை வெயில் தாங்காத அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-ல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து ஏரியை உருவாக்கினார். இன்று சென்னை, கோவை, பெங்களூரு, கொச்சியிலிருந்து வருபவர்கள் ஓய்வுக்கால வீட்டுக்காக, ஹோம்ஸ்டே வருமானத்துக்காக, சிலர் உண்மையிலேயே காபியும் அவகாடோவும் வைப்பதற்காக நிலம் தேடுகிறார்கள். எந்த ஊர், என்ன விலை, என்ன வியூ என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். ஆனால் தரகர் விஷயத்தில் மட்டும், யார் முதலில் போன் எடுத்தாரோ அவரோடு கிளம்பிவிடுகிறார்கள். வரிசையை மாற்றிப் போடுங்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில் நல்ல தரகர், அப்புறம்தான் நல்ல இடம்.

பத்திரம் சரி... வீடு கட்ட முடியுமா?

சமவெளியில் பட்டாவும் பத்திரமும் சரியாக இருந்தால் பெரும்பாதி கவலை தீர்ந்தது. மலையில் அதற்குப் பிறகுதான் கவலையே ஆரம்பிக்கிறது. நிலம் முறையாக உங்கள் பெயருக்கு வந்துவிடும். ஆனால் அதில் வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். நிற்கிற மரத்தை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. அனுமதி இல்லாமல் போர் போடவோ, சரிவைச் சமப்படுத்த ஜே.சி.பி-யை இறக்கவோ முடியாது.

இதற்கெல்லாம் சட்டங்கள் இருக்கின்றன, அவையும் புதியவை அல்ல. தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949-லேயே வந்தது. பட்டா நிலமாக இருந்தாலும், அரசு அதைத் தனியார் காடு என்று அறிவித்திருந்தால் விற்பதற்கே அனுமதி வேண்டும். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-ல் வந்தது. உங்கள் வேலிக்குள் நிற்கும் மரமானாலும் குழுவின் அனுமதியில்லாமல் கோடாலி வைக்கக் கூடாது. ‘ஹாகா’ என்று எல்லோரும் சொல்லும் மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம் 1990-ல் அமைந்தது. அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் மனைப்பிரிவு போடவோ கட்டடம் எழுப்பவோ வனம், வேளாண் பொறியியல், புவியியல் சுரங்கம் என்று ஒவ்வொரு துறையின் கருத்தும் கேட்கப்படும். நிலம் காட்டை ஒட்டியிருக்கிறதா, மண் அரிக்குமா, சரிவு இறங்குமா என்று பார்த்த பிறகே கோப்பு நகரும். மலைவாசஸ்தலங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் 1993-ல் வந்தன. 2013-ல் மலையின் பெரும்பரப்பு கொடைக்கானல் வனஉயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இதெல்லாம் காகிதத்தில் மட்டும் உள்ள சட்டம் என்று யாராவது சொன்னால் ‘பிளசன்ட் ஸ்டே’ ஹோட்டல் கதையை நினைவுபடுத்துங்கள். அனுமதித்த தளங்களுக்கு மேல் தளங்கள் எழுந்தன. பிறகு அரசே விதிவிலக்கு கொடுத்தது. பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் நீதிமன்றம் போனது. 1995-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில் அந்த விதிவிலக்கு நிற்கவில்லை. அதே விவகாரத்தில் 2000 பிப்ரவரி 2-ம் தேதி தனி நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறைத் தண்டனை விதித்ததும், அன்றைய வன்முறையில் தர்மபுரி அருகே பேருந்து எரிக்கப்பட்டு கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் உயிரிழந்ததும் தமிழ்நாடு மறக்காத துயரம். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை அந்த வழக்கிலிருந்து விடுவித்தது. 2019-லும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலில் அனுமதியில்லாத வணிகக் கட்டடங்களுக்கு நகராட்சி சீல் வைத்தது. குடியிருப்புக்கென்று அனுமதி வாங்கிவிட்டு லாட்ஜ் நடத்தியவர்களும் அப்போது மாட்டிக்கொண்டார்கள்.

ஆகவே, மலையில் தரகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. ‘இந்த சர்வே நம்பர் ஹாகா பட்டியலில் வருகிறதா? தனியார் காடா? காப்புக்காட்டு எல்லை எத்தனை தூரம்?’ இதற்கு ஒரு தரகர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம் சார், இங்க எல்லாரும் கட்டிட்டுதான் இருக்காங்க” என்றால், அவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். “தெரியல சார், வனத்துறையிலயும் தாலுகா ஆபீஸ்லயும் விசாரிச்சுச் சொல்றேன்” என்பவர் பரவாயில்லை. “அந்த இடம் வேண்டாம் சார், காட்டு எல்லையை ஒட்டிப் போகுது, நாளைக்கு உங்களுக்குத்தான் சிக்கல்” என்று கைக்கு வரும் கமிஷனை விட்டுவிட்டுச் சொல்கிறவர் கிடைத்தால் அவர் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்மலைக்கு ஒருவர், கீழ்மலைக்கு ஒருவர்

கொடைக்கானல் அமைந்த பழனி மலை முழுக்க ஒரே தரகர் என்பது நடக்காத காரியம். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று விரியும் மேல்மலை வேறு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் என்று இறங்கும் கீழ்மலை வேறு. மேல்மலையில் படிக்கட்டு வயல்களில் பூண்டு, கேரட், உருளை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்தப் பக்கத்துப் பயிர். கீழ்மலையில் நிழல் மரங்களுக்குக் கீழே காபி, மிளகு, மலைவாழை. மண், மழை, தண்ணீர், பாதை, குடும்பங்கள் எல்லாமே வேறு. நகரத்துக்குள் நாயுடுபுரம், ஆனந்தகிரி, செண்பகனூர் பக்கம் வீடு பார்ப்பது மூன்றாவது வகை. வில்பட்டி, பள்ளங்கி, அட்டுவம்பட்டி ஊராட்சிப் பகுதிகள் நகரத்தை ஒட்டியே இருந்தாலும் அங்கே அனுமதி வாங்கும் அலுவலகமே வேறு.

அந்தந்த ஊரில் பிறந்து வளர்ந்த தரகருக்கு இருக்கும் உண்மையான மூலதனம் ஊரின் ஞாபகம். இந்த நிலம் யாருடைய தாத்தா காலத்தில் யாரிடமிருந்து வந்தது, பங்காளிகள் எத்தனை பேர், பாகப்பிரிவினை எழுத்தில் நடந்ததா, வாய்மொழியாக நின்றுவிட்டதா, வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்த மூத்த மகள் கையெழுத்துப் போட்டாளா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்த அலுவலகக் கணினியிலும் இது ஏறியிருக்காது. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. 2005-ல் அது நாடு முழுக்க வந்தது. ஆனாலும் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பது கிராமங்களில் இன்னும் நடக்கிறது. பத்து வருடம் கழித்து அந்த மகளோ, மகளின் பிள்ளையோ பாகம் கேட்டு வழக்குப் போடும்போது, சென்னையில் இருக்கும் நீங்கள் திண்டுக்கல் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். நல்ல தரகர், விற்பவரின் வாரிசுச் சான்றிதழை நீங்கள் கேட்கும் முன்பே எடுத்து நீட்டுவார். பெண் வாரிசுகளைப் பதிவுக்கு நேரில் வரவழைப்பார்.

மாமூல் பாதையைப் படித்துப் பாருங்கள்

மலையில் நிலத் தகராறு என்று கேட்டால் பத்துக்கு ஐந்தாவது பாதைத் தகராறாக இருக்கும். ஒரு கிரயப் பத்திரத்தைக் கையில் எடுத்தால், கடைசிப் பக்கங்களில் ‘சொத்து விவரம்’ வரும். வாங்குகிறவர்கள் முதல் பக்கத்தில் பெயரும் தொகையும் சரியா என்று பார்ப்பார்களே தவிர, அந்தக் கடைசிப் பக்கத்தை நின்று படிப்பதில்லை. அங்கேதான் சர்வே நம்பர், அதன் உட்பிரிவு, பரப்பு, நான்கு பக்கமும் யார் நிலம் என்று சொல்லும் சக்குபந்தி எல்லாம் இருக்கும். அதன் கீழே, ‘நிலத்துக்குப் போய்வர மாமூல் வண்டித்தட பாத்தியம் உள்பட’ என்பது போல ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தடம் யாருடைய சர்வே நம்பர் வழியாகப் போகிறது? அகலம் எத்தனை அடி? அந்த நிலத்துக்காரருடைய பத்திரத்திலும் அந்தத் தடம் எழுதப்பட்டிருக்கிறதா? ‘மாமூல் தடம்’ என்று உங்கள் பத்திரம் சொல்லும், பக்கத்து நிலத்துக்காரர் பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. நிலம் பார்க்கப் போன அன்று ஜீப் தாராளமாக உள்ளே போயிருக்கும், ஏனென்றால் தரகர் பக்கத்து நிலத்துக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்திருப்பார். பதிவு முடிந்து நீங்கள் சிமென்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு வரும் நாளில் அங்கே கம்பிவேலி இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்தில் வண்டிப்பாதை கோடாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து, சர்வேயரை வைத்துக் கல் காட்டச் சொல்லி, அந்தக் கோட்டின் மேலேயே நடந்து பார்த்துவிட்டால் இந்தச் சண்டைக்கு இடமில்லை. அதற்கு ஒரு நாள் செலவழிக்கத் தயங்கும் தரகரைத் தவிர்த்துவிடுங்கள்.

தண்ணீரும் இப்படித்தான். மே மாதச் சீசனில் மலையைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுப்பவர்களே அதிகம். இந்த மலைக்கு முக்கியமான மழை அக்டோபர், நவம்பரில்தான். அப்போது ஒருமுறை போய், சரிவில் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, மண் எங்கே கரைகிறது, பாதை எங்கே உடைகிறது என்று பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது எந்தெந்தச் சரிவு இறங்கியது என்று ஊர்க்காரர்களைக் கேளுங்கள். பிறகு மார்ச்சில் ஒருமுறை போய், ஓடையில் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். “வருஷம் முழுக்கத் தண்ணி சார்” என்று சொல்லும் தரகர், அந்த ஓடைத் தண்ணீரை யார் யார் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கீழே பூண்டு போடும் விவசாயியின் பங்கை மேலே மறித்துத் தொட்டி கட்டுவது, மலையில் யாருக்கும் நிம்மதி தராது.

தொடவே கூடாத நிலங்கள்

சில நிலங்களை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. பஞ்சமி நிலம் அவற்றில் முதன்மையானது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892-ல் தலித் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலங்கள் அவை. மற்றவர்கள் வாங்கினால் அந்த விற்பனை செல்லாது. நிலமற்றவர்களுக்கு அரசு ஒப்படை செய்த நிலங்களில் ‘கண்டிஷன் பட்டா’ இருக்கும். நிபந்தனையை மீறிக் கைமாறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பளியர், புலையர் உள்ளிட்ட மக்களுக்குக் கிடைக்கும் உரிமை அவர்கள் பிள்ளைகளுக்குப் போகலாமே தவிர, விற்க முடியாது. கோயில் நிலம், புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த நிலங்களை ‘அனுபவ பாத்தியம் இருக்கு, வரி ரசீது இருக்கு, சல்லிசா முடிச்சுடலாம்’ என்று காட்டுகிறவர் உங்களை மட்டும் ஏமாற்றவில்லை. அந்த நிலத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத ஒரு குடும்பத்தையும் ஏமாற்றுகிறார். இதில் தெரிந்தே பங்கெடுக்கும் படித்த நகரவாசிகளைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ரெரா நம்பர் இருந்தால் போதுமா?

‘ரெரா’ எனப்படும் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரகர்களையும் கட்டுக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2017-ல் விதிகள் வந்தன. பதிவு செய்யாத முகவர், பதிவு பெற்ற திட்டத்தில் மனையோ வீடோ விற்றுக்கொடுத்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் முகவர்களின் பட்டியலை யாரும் பார்க்கலாம்.

ஆனால் இந்தச் சட்டத்தின் வேலி எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டம்தான் இதற்குள் வரும். ஒரு விவசாயி தன் இரண்டு ஏக்கரை உங்களுக்கு விற்றாலோ, ஒருவர் தன் பழைய பங்களாவை விற்றாலோ, இடையில் நிற்கும் தரகருக்கு இந்தச் சட்டத்தில் எந்தப் பொறுப்பும் இல்லை. கொடைக்கானல் கிராமங்களில் கைமாறும் நிலம் அநேகமாக இந்த வகைதான். போதாததற்கு, மனைப்பிரிவு அனுமதியே வாங்காமல் ஒரு தோட்டத்தை ஐந்து சென்ட், பத்து சென்ட்டாக வெட்டி ‘பண்ணை நிலம்’ என்ற பெயரில் விற்பதும் நடக்கிறது. விவசாய நிலமாக வாங்கி வீடு கட்டிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். வாங்கிய பிறகு கட்டட அனுமதிக்குப் போனால், ‘மனைப்பிரிவு உத்தரவு எங்கே?’ என்ற கேள்வியில் கோப்பு நின்றுவிடும்.

நம் மக்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் 2010-ல் தரகர்களை ஒழுங்குபடுத்தவென்றே ஒரு மன்றம் அமைத்தார்கள். பரீட்சை எழுதி, பதிவெண் வாங்கிய பிறகே ஒருவர் முகவராக முடியும். ஒரே விற்பனையில் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒருவரே முகவராக இருக்கக் கூடாது. விற்பனைப் பணத்தை அவர் கையால் தொடக் கூடாது. இந்த மூன்றில் ஒன்றுகூட நம் மலையில் இல்லை. தரகர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார். அட்வான்ஸும் அவர் கையில்தான் போய்ச் சேரும்.

சட்டம் செய்யாததை நீங்கள்தான் உங்கள் அளவில் செய்துகொள்ள வேண்டும். கமிஷன் எவ்வளவு, எப்போது என்பதை ஆரம்பத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒன்று அல்லது இரண்டு சதவீதம் பொதுவான வழக்கம். ஒரு பகுதியை ஒப்பந்தத்தின்போதும், மீதியைப் பட்டா உங்கள் பெயருக்கு மாறிய பிறகும் கொடுப்பதாகப் பேசுங்கள். நேர்மையான தரகர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

கமிஷனைவிடப் பெரிய விஷயம் மேல்விலை. நிலத்துக்காரர் சென்ட்டுக்கு ஒரு விலை சொல்லியிருப்பார். டாக்ஸிக்காரரிடமிருந்து உள்ளூர்த் தரகர், அவரிடமிருந்து டவுன் தரகர், அவரிடமிருந்து சென்னை ‘கன்சல்டன்ட்’ என்று நாலு கை மாறி உங்களிடம் வரும்போது விலை எங்கோ போயிருக்கும். இதற்கு ஒரே மருந்து, டோக்கன் கொடுக்கும் முன் நிலத்துக்காரரை அவர் வீட்டில் சந்திப்பது. “பார்ட்டி ஊர்ல இல்ல சார், பவர் நம்மகிட்டதான் இருக்கு” என்றால் பவர் பத்திரத்தைக் கேளுங்கள். பவர் வாங்கியதே சொத்து வாங்கியதாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பவரையும் விற்பனை ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு 2012-ல் பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. ஆகவே இரண்டுமே வில்லங்கச் சான்றில் தெரிய வேண்டும். பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே நம்பரைப் போட்டு நீங்களே பார்க்கலாம், கட்டணம் கிடையாது. பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். அவர் இறந்துவிட்டால் பவரும் பொதுவாகச் செத்துவிடும்.

ரொக்கமாகக் கொடுங்கள் என்று தரகர் வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. பணம் நிலத்துக்காரரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும். துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை: வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. ‘அப்பா பேர்ல போட்டுக்கலாம்’ என்று தரகர் சொல்லும் வழியில் இறங்கும் முன் ஓர் ஆடிட்டரைக் கேளுங்கள்.

மலைக்கு வரும் வண்டிகளையே எண்ணி அனுப்பும் காலம் இது. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு, வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள்தான் என்று உயர் நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது. ‘ஹோம்ஸ்டே போட்டா மூணு வருஷத்துல முதலை எடுத்துடலாம்’ என்று கணக்குப் போட்டுக் காட்டும் தரகரிடம் இந்த எண்களை வைத்து மறுபடியும் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அரசு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஹாகா கிராமங்களில் எந்தெந்த சர்வே நம்பர் தனியார் காடு, எது கண்டிஷன் பட்டா, எது பஞ்சமி என்ற பட்டியலைக் கொடைக்கானல் தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும், கூடவே இணையத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். ரெராவின் முகவர் பதிவை மலைப்பகுதி விவசாய நிலத் தரகுக்கும் விரிக்க வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்யும் உள்ளூர்த் தரகர்களுக்கும் அதுதான் நல்லது.

அதுவரை, வாசகர்களே, இடம் பார்த்த அன்றே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மூலப்பத்திரம், பட்டா, புலப்படம், முப்பது வருட வில்லங்கம் ஆகியவற்றின் நகலை வாங்கிக்கொண்டு மலையிறங்கி, உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். தரகர் சிபாரிசு செய்யும் வக்கீலிடம் போகாதீர்கள். நகல் கொடுக்க மறுக்கும் தரகரிடம் இடம் வாங்க வேண்டாம்.